நாலு தலைமுறைக்கு முன்னால் யார் இருந்தார்கள்? குடும்ப வேரைத் தேடத் தொடங்குபவர்களுக்கு

நம் பக்கம் பதிவே கிடையாது, பரம்பரை தேடுவதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தான் சரிப்படும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு சாதாரண சம்சாரிக் குடும்பம்கூடப் பொறுமையாகத் தேடினால் 1900 வரை பெயர் பெயராகப் போக முடியும். கோயில் வேலைக்கோ ஊர் வேலைக்கோ விடப்பட்ட மானிய நிலம் வைத்திருந்த குடும்பமென்றால் 1860கள் வரைகூட. பதிவுகள் இருக்கின்றன, ஆனால் அவை நிலத்தைச் சுற்றியும் கோயிலைச் சுற்றியும் கப்பலைச் சுற்றியும் கிடக்கின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட வழிகாட்டிகள் முதலில் சென்சஸைப் பார் என்று சொல்லும். இங்கே சென்சஸில் வீடு வீடாக எழுதிய தாள்கள் நம் கைக்கு வராது, ஊர்வாரியான மொத்தக் கணக்கு மட்டும்தான் புத்தகமாகக் கிடைக்கும். அந்த வழியில் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோய், நமக்கு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். தேட வேண்டிய இடம் வேறு, அவ்வளவுதான்.

எந்தப் பதிவுக்குள் நுழையவும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஒருவரின் பெயர் அவருடைய அப்பா பெயரோடு. இன்னொன்று, ஊர் பெயர் தாலுகாவோடு. வெறும் 'கருப்பையா' என்று தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள், 'இருளப்பன் மகன் கருப்பையா, இன்ன கிராமம்' என்றால் ஒருவரோ இருவரோதான். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் ஒவ்வொரு தலைமுறைக்கும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான்.

முதலில் பேச்சு, அப்புறம் பேப்பர்

அலுவலகங்களுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். பத்திரம் பத்து வருஷம் கழித்தும் இருக்கும், எண்பத்தைந்து வயது அத்தை இருப்பாரா என்று சொல்ல முடியாது. அதனால் உங்களுக்கு நெருக்கமானவர் யார், பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்க்காமல், குடும்பத்திலேயே மூத்தவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள்.

கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. "நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க" என்றால், "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டு வளர்ந்தோம்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். நீங்க வாக்கப்பட்டு வந்தப்போ அந்த வீட்டுல யார் யார் இருந்தாங்க? உங்க அம்மாவுக்குப் பிறந்த ஊர் எது, அங்கே தாய்மாமன் பேர் என்ன? முதல் பிரசவத்துக்கு எங்கே போனீங்க? பொங்கச் சீர் எந்த ஊர்லேர்ந்து வரும்? உங்க அப்பா யாருக்குக் கொள்ளி வச்சார்? கடைசிக் கேள்வி கொஞ்சம் நெருடும், ஆனால் யாருக்கு யார் கொள்ளி வைத்தார் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை இல்லாதவர், தத்து எடுத்தவர், இரண்டு குடும்பம் வைத்திருந்தவர் எல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

உறவுமுறைச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டால் பின்னால் குழம்பும். 'தாத்தா' என்றால் அப்பாவைப் பெற்றவரா, அவருடைய தம்பியா, பங்காளி முறையில் தாத்தாவா? 'சித்தப்பா' என்றால் கூடப் பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா? ஒவ்வொருவருக்கும் "அவரைப் பெத்தவங்க யார்?" என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

பெயரிலும் சிக்கல் உண்டு. பாட்டிமார் பலர் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் வேறொருவர் பெயரைச் சொல்ல, அவர் தலையாட்டினால் போதும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். பெரியசாமி மகன் முத்தையா, முத்தையா மகன் பெரியசாமி, அவர் மகன் மறுபடி முத்தையா. அதோடு, மாமனார் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்ட முடியாது என்பதால் வீட்டில் வேறு பெயரில் கூப்பிட்டிருப்பார்கள், ஊரே 'ராசு' என்று அறிந்தவர் பத்திரத்தில் 'பெரியசாமி'யாக இருப்பார். ஆகவே கூப்பிடும் பெயர், எழுதும் பெயர், பட்டப்பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டுத்தான். முடிந்தால் இரண்டு பெரியவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசவிடுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்க, அந்த வாக்குவாதத்தில் நீங்கள் கேட்கத் தெரியாமல் விட்ட விஷயமெல்லாம் வெளியே வரும். பெண்களிடம் கண்டிப்பாகத் தனியாகவும் பேசுங்கள். எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எங்கே கொடுத்தோம், எத்தனை குழந்தை தங்காமல் போயிற்று என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆண்களிடம் கேட்டால் பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும் வரும். அதுவும் வேண்டியதுதான், பின்னால் பயன்படும்.

வருஷத்தைக் கண்டுபிடிப்பது

"எப்போ பிறந்தார்?" என்றால் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் எல்லாரும் அறிந்த ஒரு சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர். விஷக்காய்ச்சல் வந்து ஊர் ஊராகச் செத்தது 1918. பர்மாவிலிருந்து நடந்தே வந்தது 1942. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965. "தனுஷ்கோடி புயலப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, கையில பிள்ளை இருந்துச்சா?" என்று கேட்டால் பதில் உடனே வரும்.

பழைய ஜாதகத்திலும் ஓலையிலும் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் தலைமுறையைக் கொண்டு எது என்று பிரித்துவிடலாம். ரௌத்திரி என்றிருந்தால் 1860, 1920, 1980 இவற்றில் ஒன்று. கொள்ளுத்தாத்தா ஜாதகத்தில் அது 1980ஆக இருக்க முடியாதே. பழைய ஆட்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டில் எழுதியிருப்பார்கள், அதோடு 825 கூட்டிக்கொள்ளுங்கள் (மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையும்). நிலக் கணக்கில் வரும் பசலிக்கு 590 கூட்ட வேண்டும். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். பழைய தலைமுறையில் பலருக்குச் சேர்க்கிற அன்று வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்தநாள். அதை ஏறக்குறைய என்று குறித்துவைத்தால் போதும்.

வீட்டிலேயே இருக்கும் பதிவுகள்

பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் இருப்பதை முழுசாகக் கீழே இறக்குங்கள். எல்லாரும் பழைய போட்டோவைத்தான் தேடுவார்கள், எனக்கு அதைவிட மொய் நோட்டு பெரிது. 1960களில் ஒரு கல்யாணத்தில் வாங்கிய மொய் நோட்டில் ஊர் ஊராக, பெயர் பெயராகச் சொந்தம் முழுக்க எழுதியிருக்கும். தாய்மாமன் செய்முறை தனியாக, பங்காளிகள் தனியாக. இன்று தொடர்பே விட்டுப்போன ஒரு ஊரின் பெயர் அதில் நாலைந்து தடவை வந்தால், அந்த ஊருடன் பெண் கொடுத்து எடுத்த உறவு இருந்திருக்கிறது என்று யூகிக்கலாம், அங்கே போய் விசாரிக்கலாம்.

கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். மாப்பிள்ளை இன்னாருடைய பேரன், இன்னார் மகன், பெண் இன்னாருடைய பேத்தி என்று இரண்டு பக்கமும் மூன்று தலைமுறையை ஒரே அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். கருமாதிப் பத்திரிகையில் மகன், மருமகன், பேரன் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். இலங்கைத் தமிழர்கள் பத்திரிகைகளில் போடும் மரண அறிவித்தல் இதில் இன்னும் ஒரு படி மேல். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும் என்று ஊர்களோடு எழுதுவதால், ஒரு அறிவித்தலிலிருந்தே ஒரு கிளையை முழுசாக வரைந்துவிடலாம்.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் தாள், பழைய ரேஷன் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ராணுவத்தில் இருந்தவர்களின் விடுப்புச் சான்று. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, எந்த வீட்டில் யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே இருக்கட்டும். பத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்த வீட்டுக் கதவு அதோடு சாத்தப்பட்டுவிடும்.

நிலம் சொல்லும் வம்சாவளி

இதுதான் நம் தேடலில் ஆழமான கிணறு. நிலம் கைமாறும்போதெல்லாம் இன்னார் குமாரர் இன்னார் என்று எழுதியே ஆக வேண்டும் என்பதால், குடும்பமே மறந்துபோன பெயர்களைக்கூடப் பத்திரம் பத்திரமாக வைத்திருக்கிறது.

முதலில் இன்றைய பட்டாவிலிருந்து சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு மூன்றையும் பார்க்கலாம். குடும்பத்திடம் இப்போது நிலம் இல்லை என்றாலும், எந்த இடம் நம்முடையதாக இருந்தது என்று ஊர்ப் பெரியவர் யாராவது காட்டிவிடுவார், அந்த இடத்தின் எண்ணை எடுங்கள்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள விவரங்கள் பார்க்கக் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனு கொடுத்து, கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்களில் தேடித் தரச் சொல்ல வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. அங்கே சொத்துவாரி அட்டவணை மட்டுமல்ல, பெயர்வாரி அட்டவணையும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சர்வே எண் தெரியாவிட்டாலும் பெயரை வைத்துத் தேடக் கேட்கலாம். உங்கள் கிராமம் முன்பு எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், அலுவலகங்கள் பிரிந்து பிரிந்து வந்தவை, பழைய புத்தகம் தாய் அலுவலகத்தில் இருக்கலாம்.

கிடைக்கும் பத்திரங்களில் கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். பொதுத் தகப்பனார் யார், எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் இறந்துவிட்டார், அவர் பிள்ளைகள் யார் என்று வம்ச வரிசை முழுக்க அதில் வந்துவிடும். பாகம் கேட்டு வழக்கு நடந்திருந்தால் இன்னும் நல்லது, வழக்கின் தாள்களோடு வம்சாவளி அட்டவணையே இணைத்திருப்பார்கள். அந்த வரப்புத் தகராறுக் கதையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

பெண்களின் பெயர் கிடைப்பதும் இங்கேதான். அப்பா இறந்து பிள்ளைகள் மைனராக இருந்தால் தாயார் கார்டியனாகக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார். மகளுக்கு மஞ்சள்காணி (சீதனமாக நிலம்) கொடுத்திருந்தால் அவர் பெயரும் வாக்கப்பட்ட ஊரும் இருக்கும். சாட்சிக் கையெழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள், சாட்சி போட்டவர் பல நேரம் மச்சானோ தாய்மாமனோ.

பழைய கையெழுத்தைப் படிப்பது முதலில் மலைப்பாக இருக்கும். புள்ளி வைக்காமல், வாக்கியம் முடியாமல், பக்கம் பக்கமாக ஓடும். சில குறிகளைப் பழகிக்கொண்டால் பாதி பிடிபட்டுவிடும்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. '௸யார்' என்று வந்தால் முன்னால் சொன்ன அதே ஆள். எண்களும் தமிழில் இருக்கலாம், ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௯௰௫ என்றால் 1895. ஒரு பத்திரத்தை உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டால் அடுத்தது வேகமாகப் போகும், ஏனென்றால் எல்லாப் பத்திரத்துக்கும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பத்திரம் தீர்ந்துபோகும் இடத்தில் செட்டில்மெண்ட் பதிவேடு தொடங்கும். ரயத்துவாரிக் கிராமங்களுக்கு (ஜமீன்தார் இல்லாமல் அரசுக்கே நேராக வரி கட்டியவை) பிரிட்டிஷ் காலத்தில் அளந்து வரி போட்டபோது, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டாதாரர் பெயரைப் போட்டுக் கிராமத்துக்கு ஒரு புத்தகமாக அச்சடித்தார்கள். எஸ்.எல்.ஆர். (செட்டில்மெண்ட் லேண்ட் ரிஜிஸ்டர்) என்று கேட்டால் அலுவலகத்தில் புரியும். 1980களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப்பதிவுத் திருத்தத்துக்கு முந்தைய நிலை அதில் இருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவணக் காப்பறையில் மனு கொடுத்து நகல் கேட்கலாம், பதில் வரத் தாமதமானால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆனால் ஒன்று, உங்கள் ஊர் ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன் பகுதியில் இருந்திருந்தால் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தப் பதிவேடு உருவாகியிருக்கும். 1900ஐ எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள். கோயில் மானியம், ஊழிய மானியம் என்று இனாம் நிலம் அனுபவித்த குடும்பங்களுக்கோ (பூசாரி, நாதசுரக்காரர், கணக்கர், வெட்டியான் வரை) 1860களின் இனாம் பதிவேடு இருக்கிறது. அனுபவித்தவர் பெயரோடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற குறிப்பும் அதில் இருப்பதுண்டு. அதன் நகலுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும்.

நிலமே இல்லாமல் வைக்கப்பட்ட குடும்பங்கள் இந்த இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. பட்டாதாரர் பெயரை மட்டுமே எழுதிய பதிவேட்டில் அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் இல்லை, அந்த அநியாயத்தைத் தேடித் தீர்க்க முடியாது. ஆனாலும் வழிகள் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கைக்குப் பிறகு 1892இலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பழைய பதிவேடுகளில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் ஊரில் அப்படி நிலம் இருந்ததா என்று பாருங்கள், பெயர்கள் கிடைக்கும், சில நேரம் அதைவிடப் பெரியதும் கிடைக்கும். அதுபோக தேவாலயப் பதிவேடும், கீழே சொல்லப்போகும் கப்பல் பட்டியலும் நிலம் இருந்தவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எழுதியவை.

குலதெய்வக் கோயிலுக்குப் போங்கள்

குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்திருக்கும், குலதெய்வம் பெரும்பாலும் பழைய ஊரிலேயே இருக்கும். இன்று கோயம்புத்தூரில் இருக்கும் குடும்பம் மாசிக் களரிக்கு (மாசியில் குலதெய்வத்துக்கு எடுக்கும் கும்பிடு) அருப்புக்கோட்டைப் பக்கம் போகிறது என்றால் அந்த ஊரில்தான் அடுத்த தலைமுறைகள் கிடைக்கும். கும்பிடு நடக்கும் நாளில் போனால் நீங்கள் பார்த்தே இராத பங்காளிகள் நாற்பது பேர் ஒரே இடத்தில் இருப்பார்கள். கோயில் வரி வசூல் நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயர்கள் இருக்கும். பழைய நோட்டுகள் யார் வீட்டில் என்று பூசாரியையும் நாட்டாமையையும் கேளுங்கள். மணி, விளக்கு, படிக்கல், சுற்றுச்சுவர் எல்லாவற்றிலும் உள்ள 'உபயம்' எழுத்தைப் படம் எடுங்கள், பெயரும் ஊரும் வருஷமும் அதில் இருக்கும்.

சில சமூகங்களில் இந்த ஏற்பாடு மிக நேர்த்தியானது. நகரத்தார் ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்கள், கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'யாக அந்தக் கோயில் கணக்கில் ஏறுவார்கள். கொங்கு வேளாளரிடம் குலமும் காணிக் கோயிலும் தெரிந்தால் பாதி வழி வந்தாயிற்று. அமாவாசைத் தர்ப்பணமோ திதியோ விடாமல் கொடுக்கும் வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயரும் மந்திரத்தோடு சேர்ந்தே நினைவில் இருக்கும், அம்மா வழித் தாத்தா வரிசையும் அதில் உண்டு. யார் கொடுக்கிறாரோ அவரையே கேளுங்கள்.

இங்கே கேட்கும் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜா எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ராவோடு ராவாகக் கிளம்பிவந்தோம், வழியில் ஆறு பிரிந்து வழிவிட்டது. இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் எத்தனையோ சாதிகள் தங்கள் கதையாகச் சொல்கின்றன. அதை மதித்து, சொன்னவர் பெயரோடு அப்படியே எழுதிவையுங்கள். ஆனால் அட்டவணையில் ஏற்றாதீர்கள். சாதிச் சங்கங்கள் போடும் மலர்களில் நம்மைச் சேர சோழ பாண்டியரோடு இணைத்துவிடுவார்கள், அதுவும் உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய சான்று ஆகாது. தெரிந்த ஆளிலிருந்து தெரியாத ஆளுக்கு, ஒவ்வொரு தலைமுறையாகத்தான் ஏற வேண்டும்.

பிறப்பு இறப்பு, தேவாலயம், ஜமாத்

பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899இலேயே சட்டம் வந்துவிட்டது. நகராட்சிகளில் பழைய பதிவேடு இருக்கும், கிராமப் பதிவேடுகளைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். பல பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், அதனால் அப்பா பெயரை வைத்துத் தேட வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி சுலபம். பங்கின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளிலும் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயரெல்லாம் இருக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கலாம். தரங்கம்பாடி லுத்தரன் வழி வந்தவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் மிஷன் காப்பகத்தையும் நினைவில் வையுங்கள், 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்ததிலிருந்து அங்கே கடிதங்களும் குறிப்புகளும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் ஜமாத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு. மாப்பிள்ளை, பெண், வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இந்த இடங்களில் அதிகாரத்தோடு கேட்காமல், பாதிரியாருக்கும் ஜமாத் தலைவருக்கும் வசதியான நாளைக் கேட்டுப் போனால் வேலை நடக்கும்.

வாக்காளர் பட்டியலையும் மறக்க வேண்டாம். தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005ஆம் ஆண்டுப் பழைய பட்டியல்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன, அவற்றில் வீட்டு எண் வாரியாக அப்பா அல்லது கணவர் பெயரோடு வயதும் இருக்கிறது. பழைய தெரு ஒன்றில் யார் யார் குடியிருந்தார்கள் என்று அறிய இது கையடக்கமான வழி.

கடல் தாண்டிப் போனவர்கள்

உங்கள் குடும்பத்தில் யாராவது "அக்கரைச் சீமைக்குப் போய் வரவே இல்லை" என்று இருந்தாலும், அல்லது நீங்களே அப்படிப் போனவர்களின் வழிவந்து இங்கே ஊர் தேடுகிறவராக இருந்தாலும், எந்த நாடு என்பதைப் பொறுத்துத்தான் வழி.

தென்னாப்பிரிக்கா என்றால் நல்ல பதிவு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் எழுதப்பட்டது. குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையம் அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. மொரீஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள், பலருக்குப் புகைப்படத்தோடு. ஃபிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது, அந்தக் குடியேற்றச் சீட்டுகள் ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இந்தப் பட்டியல்களில் எல்லாமே ஆங்கிலேயக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதியது. முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும், முதலியார் 'மூட்லி' ஆகவும் அங்கே குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டார்கள். மாவட்டமும் பழைய உச்சரிப்பில் டின்னவேலி, டாஞ்சூர், டிரிச்சினாபொலி. இன்றைய தூத்துக்குடி மாவட்டம் 1986 வரை திருநெல்வேலிக்குள்தான் இருந்தது, விருதுநகரும் சிவகங்கையும் 1985 வரை ராமநாதபுரத்துக்குள். வடாற்காடு, தென்னாற்காடு என்று எழுதியிருந்தால் இன்று எத்தனையோ மாவட்டம். அதனால் கிராமப் பெயரை வாய்விட்டு நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள், பழைய தாலுகா எல்லை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். 'புதூர்' மாதிரிப் பெயரென்றால் தாலுகா தெரியாமல் நகரவே முடியாது.

பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போனவர்களுக்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம்தான் இடம். 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட பாண்டிச்சேரிக் குடும்பங்கள் அப்போது புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டன, அந்தத் தேதிக்கு முன்னால் பழைய தமிழ்ப் பெயரில் தேட வேண்டும்.

இலங்கை மலையகமும் மலேயாவும் கடினம், ஏனென்றால் கங்காணி (தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி) கூட்டிக்கொண்டு போன ஆட்களுக்கு நேட்டால் மாதிரி ஆளுக்கொரு பதிவு கிடையாது. ஆனால் மலையகத்திலிருந்து 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களின் பாஸ்போர்ட்டிலும் குடும்ப அட்டையிலும் பூர்வீக ஊர் இருக்கும், அங்கேயே தங்கியவர்களுக்குக் குடியுரிமை மனுக்களில் இருக்கும். மலேயாவுக்கு நாகப்பட்டினம் வழியாகப் போன குடும்பங்களில் கங்காணியின் ஊரைக் கேளுங்கள். அவர் தன் ஊரையும் சுற்றுப்பட்டிகளையும்தான் பெரும்பாலும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

எழுதி வைப்பது

ஆரம்பத்தில் ஒரு நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர்கள், பெற்றோர், ஊர், மனைவி அல்லது கணவரின் பிறந்த ஊர், பிள்ளைகள், இந்தத் தகவலைச் சொன்னவர் யார் அல்லது எந்தத் தாள். கடைசியில் உள்ளதை எழுதாவிட்டால் இரண்டு பெயர் முட்டும்போது எதை நம்புவது என்றே தெரியாது. ஆட்கள் ஐம்பதைத் தாண்டியதும் கணினிக்கு மாறுங்கள். கிராம்ப்ஸ் இலவச மென்பொருள், தமிழில் தட்டச்சு செய்யலாம், எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம், ஆனால் அங்கே இறந்தவர்களின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் ஒரே ஆள் அட்டவணையில் இரண்டு மூன்று இடத்தில் வருவார். அது தவறல்ல, ஒரே பதிவை இரண்டு கோட்டில் இணையுங்கள், ஆளை இரண்டாக்காதீர்கள். இதே காரணத்தால்தான் மரபணுச் சோதனையை முதல் வேலையாக நான் சொல்வதில்லை. தலைமுறைகளாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிய சமூகங்களில் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலக் காட்டும். கடல் தாண்டிப் போன கிளையைத் தேடும்போது உதவலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தேடும்போது யாரும் பேசாத விஷயங்களும் கிடைக்கும். ஓடிப்போய்ச் செய்த கல்யாணம், மறைக்கப்பட்ட முதல் மனைவி, மாறிய மதம், வேறு சாதியில் பிறந்த ஒரு பாட்டி. உங்கள் நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள், அவர்களை அழிக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் உயிரோடு இருப்பவர்களைத் தொடும் விஷயத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். பிறந்த தேதி, முகவரி, சொத்து விவரம் எதையும் பொதுவில் வைக்காதீர்கள்.

நாலு தலைமுறை சேர்ந்ததும் அட்டவணையைப் பெரிய தாளில் அச்சடித்து, தெரியாத இடங்களைக் காலியாகவே விட்டு, அடுத்த குலதெய்வக் கும்பிடுக்கு எடுத்துப் போங்கள். கூடவே நாலைந்து பென்சில். சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், "ஏய், இவருக்கு ரெண்டு பொண்ணு இருந்துச்சே, ஒண்ணை எங்க விட்ட?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார், அவரைப் பிடித்து உட்காரவையுங்கள்.